இரண்டு பேர் குடிக்கும் தண்ணீர்

எனக்குள் வேலை செய்யும் சிறுநீரகம் என் மனைவியினுடையது. அவளிடம் இப்போது ஒன்று, என்னிடம் ஒன்று. சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்பிய அன்று வைத்தியர் எங்கள் இருவரையும் அருகருகே உட்கார வைத்து, நிறையத் தண்ணீர் குடியுங்கள், நல்ல தண்ணீராகக் குடியுங்கள் என்றார். கேட்கச் சுலபமாகத்தான் இருந்தது. ஆனால் நாங்கள் இருந்தது வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில்.

அந்தக் கட்டடத்தில் குழாய்த் தண்ணீர் போதாதென்று நிலத்தைத் துளைத்து எடுத்த தண்ணீரையும் கலந்துதான் மேல் தாங்கிக்கு ஏற்றுவார்கள். கடல் கிட்ட என்பதால் அதில் உப்பு. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும். அதனால் பெரிய போத்தல்களில் தண்ணீர் வாங்கினோம். கொண்டு வருபவர்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. நான் பாரம் தூக்கக் கூடாது. அவளும் தூக்கக் கூடாதுதான். ஆனால் அதை அவளிடம் யார் சொல்வது?

"உங்களுக்குத்தான் வருத்தம். எனக்கு ஒரு வருத்தமும் இல்ல" என்பாள், நோயாளி நான் மட்டும்தான் என்பதுபோல.

ஒரு நாள் போத்தல் எடுக்கக் கீழே போனவள் நேரமாகியும் திரும்பவில்லை. கதவைத் திறந்து கீழே இறங்கினேன். இரண்டாம் மாடிப் படியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கை போத்தலைப் பிடித்திருந்தது. மற்றக் கை விலாவுக்குக் கீழே, தையல் போட்ட இடத்தில் இருந்தது. முகம் வெளுத்து வேர்த்திருந்தது.

"ஒண்டுமில்ல. மூச்சு வாங்குது. நீங்க உள்ள போங்க."

நான் போகவில்லை. அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இனி இவள் இந்தப் படியில் தண்ணீர் சுமக்கக் கூடாது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

மறுநாள் ‘காலி வீதி’ என்னும் பிரதான தெருவில் ஒரு கடையில் உப்பையும் பிரித்தெடுக்கும் பில்டர் மெசின் ஒன்றை வாங்கினேன். பொருத்த ஆள் வந்தார். சமையலறையைச் சுற்றிப் பார்த்து, சுவரில் துளை போட்டு மாட்டினால்தான் பொருத்தலாம், கொம்பனி விதி அப்படி என்று சிங்களத்தில் சொன்னார். வீட்டுக்காரரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். பெட்டியை மேசையடியில் வைத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்காரர் கீழ் மாடியில் இருந்தார். யாழ்ப்பாணத்தவர், ஓய்வுபெற்ற என்ஜினியர். கட்டடத்தின் ஒவ்வொரு பைப்பும் எங்கே போகிறதென்று அவருக்குத் தெரியும்.

"தம்பி, சுவரில ஒரு ஆணியும் அடிக்கக் கூடாதெண்டு சொல்லித்தானே வீடு தந்தனான்" என்றார். "அதோட, உந்த மெசின் குடிக்கத் தாறதை விட வெளியில கொட்டுறது கூட. தண்ணி பில் எல்லா வீட்டுக்கும் பொதுவில பிரியுது. மற்றவை கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

"கொட்டுற தண்ணிய வாளியில பிடிப்பம் ஐயா. நிலம் கழுவ, கக்கூசுக்கு ஊத்த எடுப்பம்."

"சொல்லேக்க எல்லாரும் அப்பிடித்தான். கொதிக்க வச்சுக் குடியுங்கோவன். நாங்கள் குடிக்கேல்லையே?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்களுக்கு நடந்தது அவருக்குத் தெரியாது. இந்த வீட்டுக்கு வருவதற்கு முன் பாமன்கடைப் பகுதியில் ஒரு வீடு பேசி முடித்திருந்தோம். நான் நோயாளி என்று கேள்விப்பட்டதும் அந்த வீட்டை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதனால் இங்கே, எனக்கு ஏதோ ஹேர்னியா ஒபரேஷன் என்று மட்டும் சொல்லி வைத்தோம். என் மனைவிக்கு இன்னொரு காரணமும் இருந்தது. "ஆக்கள் என்னப் பாத்து ஐயோ பாவம் எண்டுறத என்னால கேக்கேலாது" என்று சொல்லி என்னிடம் வாக்கு வாங்கியிருந்தாள்.

அந்த வாக்கை வீட்டுக்காரரின் வாசலில் நின்று மீறினேன். இனிப் பின்வாங்க முடியாது என்று தெரிந்துதான் வாயைத் திறந்தேன்.

"ஐயா, எனக்கு ஹேர்னியா இல்ல. எனக்குள்ள இருக்கிற கிட்னி என்ர மனிசியின்ர. அவவுக்கும் ஒண்டுதான் இருக்கு. ரெண்டு பேரும் பாரம் தூக்கக் கூடாது. இந்தத் தண்ணியும் எங்களுக்குச் சரிவராது. வீட்ட விட்டுப் போகச் சொன்னாலும் பரவாயில்ல. இந்த மெசின நான் போடத்தான் வேணும்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளை பெரிய போத்தலோட ஏறுறவ. நான் எத்தனையோ தரம் கதவில நிண்டு பாத்தனான்" என்றார். பிறகு குரல் என்ஜினியருடையதாக மாறியது. "சுவர் வேண்டாம். சிங்கின்ர மூலையில ஒரு ஓட்டை மூடி போட்டு அடைச்சிருக்கும். குழாயை அதுக்கால விடலாம். மெசினை சிங்குக்குக் கீழ பலகை போட்டு வையுங்கோ. ஆனால் வாளித் தண்ணி வீணாகக் கூடாது. நான் வந்து பாப்பன்."

மேலே வந்து நடந்ததைச் சொன்னேன். அவள் அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தைப் பாதியில் விட்டுவிட்டு அறைக்குள் போனாள். அன்று முழுவதும் என்னோடு கதைக்கவில்லை.

கடைக்கு ஃபோன் பண்ணினேன். சுவரில் மாட்டாவிட்டால் தங்கள் ஆள் வரமாட்டார் என்றார்கள். சரி, நானே போடுகிறேன் என்றேன். துறைமுகத்தில் கணக்கு எழுதியவன் நான். ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லை. அதோடு, புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கத் தரும் மாத்திரையால் என் இரண்டு கைகளும் நடுங்கும். தேநீர்க் கோப்பையைக் கூடச் சிந்தாமல் எடுக்க முடியாது.

மறுநாள் காலை சிங்கின் கீழே பலகையை வைத்து, அதன் மேல் மெசினை மெதுவாக நகர்த்தி வைத்து, மல்லாந்து படுத்தேன். மெசினோடு வந்த வெள்ளைக் குழாயை அளந்து பிளேடால் வெட்டி, மூட்டுக்குள் தள்ளி, மேலே பைப்பைத் திறந்தேன். மூட்டிலிருந்து தண்ணீர் சீறி முகத்தில் அடித்தது. கண் தெரியாமல் தடவி பைப்பை மூடுவதற்குள் சமையலறை குளமாகிவிட்டது. வெட்டிய முனையைப் பார்த்தேன். நடுக்கத்தில் சரிவாக வெட்டியிருந்தேன். திரும்ப வெட்டினேன். அதுவும் சரிவு. இன்னொரு முறை. குழாய் குட்டையாகிக்கொண்டே வந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

பக்கத்தில் துணி பிழியும் சத்தம் கேட்டது. அவள் நிலத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் சொல்ல வேண்டாம் எண்டு சொன்னனான் தானே" என்றாள், என்னைப் பார்க்காமல்.

"ஓம்."

"பிறகு ஏன் சொன்னீங்க?"

"நீ படியில இருந்தத பாத்திட்டு, வாயை மூடிட்டு இருக்கேலாமப் போச்சு. நீ கோவிச்சாலும் பரவாயில்ல எண்டுதான் சொன்னனான்."

கொஞ்ச நேரம் துடைத்தாள். பிறகு துணியை வாளியில் போட்டுவிட்டுக் கையை நீட்டினாள்.

"பிளேட்ட இஞ்ச தாங்க. இப்பிடி வெட்டினா குழாய் முடிஞ்சிடும்."

அவள் ஒரே அழுத்தில் நேராக வெட்டினாள். நான் முழங்கையை நிலத்தில் ஊன்றி, நடுக்கத்தைத் தோளிலேயே பிடித்து நிறுத்தி, குழாயை உள்ளே தள்ளினேன். பூட்டுகிற நீலக் கொக்கியை அவள் போட்டாள். அப்படியே ஒவ்வொரு மூட்டாகப் போனோம். மத்தியானச் சமையல் நடக்கவில்லை. பாண் வாங்கிச் சாப்பிட்டோம். பின்னேரம் பைப்பைத் திறந்தபோது மோட்டர் முனகியது. எந்த மூட்டும் கசியவில்லை.

மெசினில் முதலில் நிறைந்த தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று கடையில் சொல்லியிருந்தார்கள். பொறுத்திருந்து அதை வாளியில் விட்டோம். அடுத்து வந்ததை இரண்டு கிளாஸில் பிடித்தேன்.

அவள் ஒரு வாய் குடித்தாள். "ருசியே இல்ல" என்றாள்.

"உப்பு இல்லாட்டி அப்பிடித்தான்."

"சும்மா இருங்க, நல்லா இருக்கு" என்று மிச்சத்தையும் குடித்து முடித்தாள்.

வீட்டுக்காரர் சொன்னபடி வந்தார். உப்பு அளக்கும் பேனை போன்ற ஒரு கருவியைக் கொண்டு வந்து பைப் தண்ணீரில் ஒரு தரம், மெசின் தண்ணீரில் ஒரு தரம் வைத்துப் பார்த்தார். பிறகு குனிந்து வாளியைப் பார்த்தார். அதிலிருந்த தண்ணீரைச் சிறு சட்டியில் மொண்டு மொண்டு எடுத்து என் மனைவி சற்று முன்தான் மூன்றாம் மாடியிலிருந்து கீழ் வாசல் வரை படிகளைக் கழுவியிருந்தாள். அவர் அந்த ஈரத்தின் மேல் நடந்துதான் வந்திருந்தார்.

சில வாரங்கள் கழித்து, தன் வீட்டிலும் ஒன்று போட வேண்டும், வர முடியுமா என்று கேட்டார். இருவரும் பிளேட்டையும் டோர்ச்சையும் எடுத்துக்கொண்டு இறங்கினோம். நான் அவர் வீட்டுச் சிங்கின் கீழே படுத்திருந்தேன். வீட்டுக்காரரின் மனைவி என் மனைவிக்குக் கதிரை போட்டு, மெதுவாகக் கேட்டார்: "பிள்ளை, கிட்னி குடுக்கேக்க பயமா இருக்கேல்லையே?"

என் கை அப்படியே நின்றுவிட்டது. எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன்.

"பயந்தது இவர்தான் அன்ரி" என்றாள் அவள். "வேண்டாம் வேண்டாமெண்டு ஒரே பிடியா நிண்டவர். நான்தான் முதல் டெஸ்டுக்கே இவருக்குச் சொல்லாமப் போனனான்."

அது எனக்குத் தெரியாத சங்கதி. சிங்கின் கீழிருந்து தலையை வெளியே நீட்டினேன்.

"நீங்க வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, அவள் தொடக்கத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள்.