ஹெல்மெட்டுக்குள் புகுந்த காற்று

எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. பெரம்பலூரும் அரியலூரும் அப்போது திருச்சி மாவட்டத்தில்தான் இருந்தன. நான் டாக்டருக்குப் படித்து முடித்து, அரியலூர் தாண்டி கீழப்பழுவூர் பக்கம் ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மனைவிக்குக் குரும்பலூரில் டீச்சர் வேலை. அதனால் பெரம்பலூரில் வீடு எடுத்திருந்தோம். காலையில் மோட்டார் சைக்கிளில் கிளம்பினால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

அந்த ரோட்டில் அன்றைக்கு ஹெல்மெட் போட்டுக்கொண்டு போன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். டீக்கடையில் வண்டியை நிறுத்தினால் நாலு பேர் சிரிப்பார்கள். நான் கவலைப்பட்டதில்லை. பயிற்சி டாக்டராக இருந்தபோது விபத்துப் பிரிவில் ஆறு மாதம் வேலை பார்த்தவன் நான். மண்டையில் அடிபட்டு வந்தவர்களில் எத்தனை பேர் திரும்பி நடந்து போனார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் அந்த ஹெல்மெட்டை வாங்கியதில் தப்பு செய்துவிட்டேன். கொஞ்சம் பெரிதாக இருந்தால் வெயிலுக்குக் காற்றோட்டமாக இருக்குமே என்று என் தலையைவிட ஒரு சுற்று பெரிதாக வாங்கினேன். நெற்றிக்கு மேலே தொப்பி மாதிரி ஒரு நீட்டல் வேறு. பார்க்க எடுப்பாக இருந்தது. வண்டி நாற்பதைத் தாண்டினால் போதும், காதுக்குள் மாவு மில் ஓடுகிற மாதிரி ஒரு இரைச்சல் ஆரம்பித்துவிடும். ஆஸ்பத்திரியில் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகும் ரொம்ப நேரத்துக்கு உள்ளே 'ஙொய்' என்று கேட்டுக்கொண்டே இருக்கும். நாளடைவில் அதுவும் பழகிப்போனது. பழகிவிட்டது என்று நினைத்ததுதான் பெரிய தப்பு.

ஒரு நாள் பெரம்பலூரில் மீட்டிங். முடிந்து மதியம் இரண்டு மணி வாக்கில் ஆஸ்பத்திரியில் வந்து இறங்கினேன். பிரசவ வலியோடு ஒரு பெண்ணைக் கொண்டுவந்திருந்தார்கள். முதல் பிரசவம். வயலில் கூலி வேலை பார்க்கிற குடும்பம். காலையிலிருந்து குழந்தை அசையவே இல்லை என்று அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள். நான் கையைக் கழுவிக்கொண்டு, வயிற்றில் வைத்துக் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கிற குழலை எடுத்தேன். அன்றைக்கு ஸ்கேன் எல்லாம் எங்கள் பக்கம் கிடையாது. அந்தக் குழலும் நம் காதும்தான்.

இடது பக்கம் வைத்துப் பார்த்தேன். வலது பக்கம் வைத்தேன். தொப்புளுக்குக் கீழே வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடியும் முதலிலிருந்து பார்த்தேன். கேட்கவில்லை.

வெளியே வந்து புருஷனைத் தனியாக அழைத்தேன். "குழந்தைக்கு உசுரு இல்லைன்னு நெனைக்கிறேன். தாயைக் காப்பாத்துறதப் பாப்போம்" என்றேன். அவன் துண்டை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

உள்ளே திரும்பி வந்தபோது எங்கள் நர்ஸம்மா குழலில் காதை வைத்துக் குனிந்திருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அதிகம் பேச மாட்டார். ஒரு கையால் அந்தப் பெண்ணின் நாடியைப் பிடித்திருந்தார். நிமிராமலே இன்னொரு கையால் என்னைப் பக்கத்தில் வரச் சொன்னார். போனேன். என் புறங்கையில் ஒரு விரலால் தட்ட ஆரம்பித்தார். டக், டக், டக் என்று வேகமான தட்டு. அது தாயின் நாடி இல்லை, குழந்தையின் துடிப்பு. அவ்வளவு வேகமாகத் தாயின் நாடி ஓடாது. இடையில் வயிறு இறுகியபோது அவருடைய விரல் மெதுவாகிப்போனது. பிறகு மறுபடி வேகம் பிடித்தது.

"வலி வர்றப்ப கொறையுது சார். சீக்கிரம் எடுத்தாகணும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நான் திரும்பவும் குழலை வாங்கிக் காதில் வைத்தேன். என் காதில் அந்த 'ஙொய்' சத்தம் மட்டும்தான் இருந்தது.

அடுத்த முக்கால் மணி நேரத்தைப் பற்றி அதிகம் எழுத வேண்டாம். ஆயுதம் போட்டு, அதாவது இடுக்கியால் தலையைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. தொப்புள்கொடி கழுத்தை இரண்டு சுற்று சுற்றியிருந்தது. அதை விடுவித்து, வாயைத் துடைத்து, முதுகைத் தேய்த்த பிறகு, ரொம்ப நேரம் கழித்துத்தான் குழந்தை அழுதது. பெண் குழந்தை. அழுகிறது என்பதை வாய் திறந்ததைப் பார்த்துத்தான் முதலில் தெரிந்துகொண்டேன். சத்தம் எங்கேயோ தூரத்திலிருந்து வருவதுபோல் இருந்தது.

புருஷனிடம் போய் நின்றேன். தப்பாகச் சொல்லிவிட்டேன், மன்னித்துவிடு என்றேன். அவன் எழுந்து நின்று, "அதனால என்ன சார், பொழச்சிடுச்சுல்ல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சாயந்திரம் நர்ஸம்மாவிடம் கேட்டேன், எனக்கு ஏன் கேட்கவில்லை என்று. தயங்கினார். பிறகு சொன்னார்.

"தப்பா நெனைக்காதீங்க சார். வண்டியில வந்து எறங்கினா நீங்க ஒரு மணி நேரம் எல்லாருகிட்டயும் சத்தமாத்தான் பேசுவீங்க. அதட்டுற மாதிரி இருக்கும். கோவக்காரருன்னு ஆயா சொல்லும். கோவம் இல்ல, காது அடைச்சிருக்குதுன்னு எனக்குத் தெரியும். நீங்க வந்த ஒடனே பாத்த கேஸையெல்லாம் நான் இன்னொரு தடவ பாத்துடுவேன்."

ஒரு வருடமாக அந்த அம்மா எனக்குப் பின்னால் சத்தமில்லாமல் இதைச் செய்துகொண்டிருந்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு நான் தலை குனிந்தது மாதிரி அதற்கு முன்னும் பின்னும் குனிந்ததில்லை.

ஹெல்மெட்டைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். விபத்துப் பிரிவில் பார்த்த தலைகள் ஞாபகம் வந்தன. சரி, உள்ளே இன்னும் கொஞ்சம் பஞ்சு வைத்துத் தைத்தால் சத்தம் குறையும் என்று நினைத்து, அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த ஒரு சீட்டு கவர் தைக்கிற கடைக்குப் போனேன். லாரி சீட்டு, ஜீப் சீட்டு எல்லாம் தைக்கிற கடை. ஒற்றை ஆள்தான். எனக்குச் சம வயது இருக்கும். கூப்பிட்டேன், திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். பக்கத்துக் கடைக்காரர், "பலகையத் தட்டுங்க சார், அவருக்குக் காது கேக்காது" என்றார்.

தட்டினேன். அதிர்வு தெரிந்து திரும்பினார். "மூஞ்சிக்கு நேரா நின்னு மெதுவாப் பேசுங்க, புரிஞ்சுக்குவேன்" என்றார். சுண்ணாம்புக்கல் வெட்டுகிற குவாரியில் வெடி வைக்கிற வேலை பார்த்திருக்கிறார். ஒரு காது முழுக்கப் போய்விட்டது. இன்னொன்றில் இடி இடித்தால் ஏதோ லேசாகத் தெரியுமாம்.

இவரிடம் போய்ச் சத்தத்தைக் குறைத்துத் தாருங்கள் என்று கேட்பதற்கு எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் விஷயத்தைச் சொன்னதும் மனிதர் கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்துவிட்டார். குழந்தை விஷயத்தையும் சொன்னேன். முழுதாகக் கேட்டார், அதாவது என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "குவாரியிலயும் முதல்ல இப்படித்தான் சார். சாயந்திரம் இரையும், காலையில சரியாயிடும். ஒரு நாள் காலையிலயும் சரியாவல" என்றார்.

நான் டாக்டர். இதை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

பஞ்சு வைத்தால் மட்டும் போதாது, காற்று எங்கே நுழைகிறது என்று தெரிய வேண்டும் என்றார். கறுப்பு நூலை விரல் நீளத்துக்குத் துண்டு துண்டாக வெட்டி, ஹெல்மெட்டைச் சுற்றிலும் பசை போட்டு ஒட்டினார். முகத்துக்கு முன்னால் கண்ணாடி மூடுகிற விளிம்பில், கழுத்து ஓரத்தில், காதுக்குக் கீழே, அந்தத் தொப்பி நீட்டலுக்கு அடியில். பார்க்க ஏதோ பூச்சி மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை என் பின்னால் ஏறிக்கொண்டார். பெரம்பலூர் ரோட்டில் ஓட்டிக்கொண்டு போனேன். இரைச்சல் அதிகமானால் நான் இடது கையைத் தூக்க வேண்டும். அந்த நேரத்தில் எந்த நூல் எப்படி ஆடுகிறது என்று அவர் எட்டி எட்டிப் பார்ப்பார். எனக்குக் காது, அவருக்குக் கண். நான் தலையில் ஹெல்மெட்டோடும் அவர் வெறுந்தலையோடும் போனோம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

ஒரு இடத்தில் பள்ளம் வந்தது. ஃபுட்ரெஸ்ட்டில் காலை ஊன்றிச் சீட்டிலிருந்து எழுந்தேன். சட்டென்று இரைச்சல் பாதியாகக் குறைந்தது. உட்கார்ந்தேன், திரும்ப வந்தது. வண்டியை நிறுத்தி அவரிடம் சொன்னேன். அவர் வண்டியின் முன்னால் போய் நின்று ரொம்ப நேரம் பார்த்தார். தூசிக்காக நான் ஹேண்டில்பாரில் ஒரு பிளாஸ்டிக் கண்ணாடி மாட்டியிருந்தேன். அதன் மேல் விளிம்பில் கையை வைத்து, அங்கிருந்து என் கழுத்துக்கு ஒரு கோடு இழுத்துக் காட்டினார். அந்தக் கண்ணாடி காற்றைத் தடுக்கவில்லை, அள்ளிக்கொண்டுவந்து நேராக என் தாடைக்குக் கீழே கொட்டிக்கொண்டிருந்தது. கழுத்து ஓரத்து நூல்கள் எல்லாம் உள்பக்கமாகவே மடங்கிக் கிடந்தன.

அந்த ஹேண்டில்பார் கண்ணாடியை நாலு விரல் குறைத்து வெட்டினார். கழுத்தைச் சுற்றி மெத்தென்று ஒரு வளையம் தைத்தார். ஹெல்மெட்டின் முகக் கண்ணாடி மூடுகிற விளிம்பில் சைக்கிள் டியூப்பை மெல்லிசாக நறுக்கி ஒட்டினார். நல்ல வித்தியாசம் தெரிந்தது. ஆனால் அவருக்குத் திருப்தி இல்லை. என் நெற்றிக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவில் ஒரு விரலை விட்டு ஆட்டிக் காட்டினார். "இது ஒங்க தலைக்கு உள்ளது இல்ல சார். என்ன தெச்சாலும் இடுக்கு இருக்கும். வேற வாங்குங்க, நானும் வரேன்" என்றார்.

திருச்சிக்கு பஸ்ஸில் போனோம். கடையில் இருந்த எல்லா ஹெல்மெட்டையும் எடுக்க வைத்தார். கடைக்காரர் நெளிந்தார். இவர் கண்டுகொள்ளவில்லை. தொப்பி நீட்டல் உள்ளதையெல்லாம் ஒதுக்கினார். மேலே மேடு பள்ளம், பொம்மை வேலை உள்ளதையும் ஒதுக்கினார். முட்டை மாதிரி வழுவழுப்பாக இருந்ததை மட்டும் என் தலையில் மாட்டி, இரண்டு பக்கமும் பிடித்து அசைப்பார். ஹெல்மெட் தனியாக அசைந்தால் கழற்றிவிடுவார். நெற்றித் தோலும் சேர்ந்து இழுபட்டால்தான் அளவு சரி என்பது அவர் கணக்கு. கண்ணாடியை மூடி, விளிம்பில் ஒரு காகிதத்தைச் செருகி இழுத்துப் பார்த்தார். காகிதம் சுலபமாக வந்தால் காற்றும் வரும். ஐந்தாவதோ ஆறாவதோதான் தேறியது. கன்னம் இரண்டும் அமுங்கி, பேசினால் நாக்கு கடிபடும் போல் இருந்தது. "ரெண்டு வாரத்துல பஞ்சு படிஞ்சுடும்" என்றார். படிந்தது.

அதற்கும் கழுத்து வளையம் தைத்தார். முதலில் காதோரம் கனமாகப் பஞ்சு வைத்துவிட்டார். ஓட்டிப் பார்த்தபோது ஊரே அமைதியாகிவிட்டது. அதில் பின்னால் வந்த லாரியின் ஹாரன் எனக்குக் கேட்கவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்தவர் தற்செயலாகத் திரும்பிப் பார்த்து, என் தோளை அழுத்தி ஓரமாகத் தள்ளினார், லாரி உரசிக்கொண்டு போனது. இறங்கி நின்று இரண்டு பேரும் மூச்சு வாங்கினோம். கடைக்குத் திரும்பியதும் அந்தப் பஞ்சைப் பிய்த்து எடுத்தார். "காத்து சத்தம் மட்டும்தான் போவணும். மத்ததெல்லாம் வேணும்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடைசியாக ஒரு தடவை ஓட்டிப் பார்த்தோம். இந்தத் தடவை பழைய ஹெல்மெட்டை அவர் தலையில் மாட்டிவிட்டேன். அவருக்கு அது அளவாக இருந்தது. கீழப்பழுவூர் வரை போய் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினேன். ஹெல்மெட்டைக் கழற்றினேன். காதில் இரைச்சல் இல்லை.

அவர் என் முன்னால் வந்து நின்றார். "இப்ப என்ன கேக்குது?" என்றார்.

நல்லா இருக்கு என்று கட்டை விரலைக் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார். "அது இல்ல சார். என்னென்ன கேக்குதுன்னு சொல்லுங்க."

அப்போதுதான் புரிந்தது. மெதுவாக, அவருக்கு வாய் நன்றாகத் தெரிகிற மாதிரி சொன்னேன். ஆடு மேய்கிறது, கழுத்து மணி கேட்கிறது. வயலில் களை எடுக்கிற பொம்பளைகள் ஏதோ பேசிச் சிரிக்கிறார்கள். தூரத்தில் மோட்டார் ஓடுகிறது. மரத்துக்கு மேலே ஒரு கிளி. இஞ்சின் சூடு ஆறுகிற 'டிக் டிக்' சத்தம்கூடக் கேட்கிறது.

ஒவ்வொன்றுக்கும் அவர் தலையசைத்துக்கொண்டே வந்தார். "ஆட்டு மணி பெரிசா, சின்னதா?" என்று கேட்டார். சின்னது என்றேன். சிரித்துக்கொண்டே அந்தப் பக்கம் திரும்பி ஆடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரொம்ப நேரம் நின்றார். நானும் அவசரப்படுத்தவில்லை.

அதற்குப் பிறகு அந்த ஆஸ்பத்திரியில் நாலு வருடம் வேலை பார்த்தேன். காது தெளிந்த பிறகும் நர்ஸம்மாவிடம், நான் பார்த்த பிறகு நீங்களும் ஒரு தடவை பாருங்கள் என்று நானே கேட்டுக்கொண்டேன். ஒரு நாள்கூட அவர் சலித்துக்கொண்டதில்லை.

எனக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது, காது இன்னும் நன்றாகவே கேட்கிறது. ஆனால் தனக்கு இனி ஒருபோதும் கிடைக்காத ஒன்றை முன்பின் தெரியாத ஒருவன் தொலைத்துவிடக் கூடாதே என்று, ஞாயிற்றுக்கிழமைகளில் வெயிலில் என் பின்னால் உட்கார்ந்து வந்த அந்த மனிதரின் மனசு எனக்கு வந்துவிட்டதா என்று கேட்டால், இன்னும் முயற்சி செய்துகொண்டுதான் இருக்கிறேன்.