துண்டுக்குள் நீட்டிய கை

நாகர்கோவில் பக்கமெல்லாம் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்த காலம். சென்னையோடு சேர இன்னும் நாலைந்து வருஷம் இருந்தது. கும்பப்பூ சாகுபடிக்கு வயலை உழத் தொடங்கும் புரட்டாசி மாதம், எங்கள் மாட்டுச் சந்தையில் ஒரு சனிக்கிழமை காலையில் நடந்ததைச் சொல்லப் போகிறேன். பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்கு அதில் ஒன்றும் இல்லை.

நான் மாட்டுத் தரகன். என்னோடு கூட்டாகத் தரகு செய்தவரைச் சந்தை முழுக்க அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஜவுளிக்கடை முதலாளியோடு சண்டை போட்டுவிட்டு வேலையில்லாமல் திரிந்த என்னைப் பார்த்து, "இவ்வளவு வாய் இருக்குல்லா, சந்தைக்கு வாடே" என்று சேர்த்துக்கொண்டவர். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷம் ஒன்றாக நின்றோம். தொழிலில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் பக்கத்தில் நின்று தெரிந்துகொண்டதுதான். எனக்கு வாய் அதிகம். அவருக்கு வாயே வேண்டாம், விரல் போதும்.

சந்தைக்குப் போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். மாட்டு விலையை நாங்கள் வாய்விட்டுப் பேசமாட்டோம். தரகர் தன் கைமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார். விற்கிறவர் அந்தத் துண்டுக்குள் கையை விட்டுத் தரகரின் விரல்களைப் பிடிப்பார். எத்தனை விரல் பிடித்தார் என்பதுதான் விலை. பிறகு வாங்குகிறவரோடும் அப்படியே. சுற்றி நூறு பேர் நின்றாலும் ஒருவருக்கும் தெரியாது. அண்ணாச்சியின் துண்டுக்குள் பேசிய விலையில் ஒருநாளும் தகராறு வந்ததில்லை.

அந்த வருஷம் ஆடி மாதத்தில் வந்தது. ஆரல்வாய்மொழியைத் தாண்டிக் கிழக்கேயிருந்து ஒரு ஜோடி காளையோடு வந்தவர் நான்கு விரலைப் பிடித்திருக்கிறார். அண்ணாச்சி மூன்று என்று வாங்குகிறவரிடம் சொல்லிவிட்டார். காளை கைமாறுகிற நேரத்தில் பெரிய ரகளை. இரண்டு வாரம் கழித்து மறுபடியும் அதே தப்பு. எனக்கு முன்கோபம் அதிகம். அத்தனை பேர் நடுவில், "நாலுக்கும் மூணுக்கும் வித்தியாசம் தெரியாட்டா வீட்டுல இருக்கணும் அண்ணாச்சி" என்று சொல்லி, அவர் கையிலிருந்த துண்டைப் பறித்து என் தோளில் போட்டுக்கொண்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதன்பிறகு விலை பேசியது நான். அவர் மாட்டைக் கட்டிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் நின்றார்.

ஒருநாள் காப்பிக்கடையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அவர் கையில் பீடி. ஏதோ கருகுகிற வாடை வந்தது. பார்த்தால், நெருப்பு அவர் விரலைத் தொட்டுக் கொண்டிருக்கிறது. அவரோ நிதானமாகக் காப்பி குடிக்கிறார். நான்தான் பதறிப்போய்ப் பீடியைத் தட்டிவிட்டேன். அவர் விரலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆறு மாசமா இப்பிடித்தான் மக்கா. ஒண்ணும் தெரியல்லே" என்றார்.

மறுநாளே நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் ஊசியால் அங்கங்கே குத்திப் பார்த்தார். ஊரில் பெரிய வியாதி என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்களே, அந்தக் குஷ்டம்தான். ஆரம்பம்தான், மாத்திரை சாப்பிட்டால் மேலே பரவாது, பக்கத்தில் இருப்பவர்களுக்கு இவரால் ஒட்டாது, ஆனால் போன உணர்ச்சி திரும்ப வராது என்றார். இதையெல்லாம் என் காதால் கேட்டேன். சீட்டில் எழுதிக் கொடுத்ததையும் படித்தேன்.

திரும்பி வரும் வழியில் அண்ணாச்சி, "இனி சந்தைக்கு நான் வரல்லே" என்றார். அவர் துண்டைப் பறித்தது என் நெஞ்சில் முள்ளாகக் குத்திக் கொண்டிருந்தது. முறைப்படி வழியனுப்பாமல் விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தேன். பெரிய தரகர் ஒருவர் தொழிலை விட்டால், அவரோடு விலை பேசினவர்கள் எல்லாரும் கடைசியாக ஒருதரம் துண்டுக்குள் அவர் கையைப் பிடித்து விடைகொடுப்பது எங்கள் சந்தை வழக்கம். "வேண்டாம்டே, அவங்களுக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம்" என்றார். நான் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலையில் புளியமரத்தடியில் பெஞ்சு போட்டு, சரிகை நேரியலும் ரோஜாமாலையும் வாங்கி வைத்திருந்தேன். கூட்டம் வந்தது. கூடவே வியாதிச் செய்தியும் வந்திருந்தது. மாலையைக் கொண்டுவந்தவர் பெஞ்சின்மேல் வைத்துவிட்டு நகர்ந்தார். நேரியலை எட்ட நின்று தோளில் எறிகிற மாதிரி போட்டார்கள். அவரைப் புகழ்ந்து இரண்டு பேர் நன்றாகவே பேசினார்கள். பேசி முடித்ததும் அண்ணாச்சி எழுந்து, வழக்கப்படி வலதுகைமேல் துண்டைப் போட்டு நீட்டினார். ஒருவரும் அசையவில்லை.

அவர் என் பக்கம் திரும்பினார்.

முதலில் போயிருக்க வேண்டியவன் நான். ஒட்டாது என்று டாக்டர் சொன்னது அப்படியே ஞாபகம் இருந்தது. ஆனால் வீட்டில் இருக்கும் என் சின்ன மகளின் முகமும் கூடவே ஞாபகம் வந்தது. கை எழவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

அப்போது சுசீந்திரத்து விவசாயி ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். எங்களிடம் இரண்டு மூன்று தரம் காளை வாங்கியவர், அவ்வளவுதான் பழக்கம். "எனக்க காளைக்கு விலை பேசின கையாக்கும் இது" என்று சொல்லி, துண்டுக்குள் கையை விட்டுப் பிடித்துக்கொண்டார். சட்டென்று விடவும் இல்லை.

அவருக்குப் பின்னால் நான் போனேன். துண்டுக்குள் அண்ணாச்சியின் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. என்னையே பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"பிடிச்சியா மக்கா?"

"பிடிச்சிருக்கேன் அண்ணாச்சி" என்றேன். அத்தனை பேர் முன்னால் நான் அழுதேன். எனக்குப் பின்னால் ஒவ்வொருவராக வரிசையில் வந்தார்கள். எல்லாரும் வந்தார்கள் என்று சொல்லமாட்டேன், பாதிப்பேர் வந்தார்கள்.

அதன்பிறகு அண்ணாச்சி பதினோரு வருஷம் இருந்தார். வாரம் தவறாமல் அவர் வீட்டுக்குப் போவேன், கிளம்பும்போது கையைப் பிடித்து, பிடித்திருக்கிறேன் என்று வாயாலும் சொல்லிவிட்டு வருவேன். அந்த நாளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் அவர் விரலுக்கு அது தெரியப்போவதில்லை. ஆனால் அன்று நான் பிடிக்காமல் நின்ற அந்த ஒரு நிமிஷத்தை அவர் கண்ணால் பார்த்துவிட்டார் என்பது எனக்கு இன்றுவரை ஆறவில்லை.