வாய்ப்பூட்டு சிஸ்டர்

குழந்தைகள் சிறுநீரகப் பிரிவில் அந்த நர்ஸுக்கு அம்மாக்கள் வைத்த பெயர் வாய்ப்பூட்டு சிஸ்டர். பிள்ளைக்குப் பதினைந்து வயது ஆனதும் அவர் முதல் வேலையாக நாற்காலிகளை மாற்றிப் போடுவார். அதுவரை டாக்டருக்கு எதிரில் உட்கார்ந்து கதை அளந்துகொண்டிருந்த அம்மா சுவரோரம் போய்விட வேண்டும். என்ன மாத்திரை, எத்தனை வேளை, கால் வீங்குகிறதா, எல்லாவற்றையும் பிள்ளைதான் சொல்ல வேண்டும். நடுவில் அம்மா வாயைத் திறந்தால் சிஸ்டர் ஒரு பார்வை பார்ப்பார். அதற்கு மேல் யாரும் பேசியதில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. பதினெட்டு முடிந்ததும் சாலைக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் பெரியவர்கள் கட்டடத்துக்கு மாறியாக வேண்டும். இங்கே ஒரு நாள் வராவிட்டால் சிஸ்டரே போன் போட்டுத் திட்டுவார். அங்கே திட்டுவதற்கு ஆளில்லை. வந்தால் பார்ப்பார்கள், வராவிட்டால் அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். போன வருஷம் மாறிப்போன ஒரு பையன் இரண்டு தடவையோடு நின்றுவிட்டான், மாத்திரையையும் நிறுத்திவிட்டான். அவன் அம்மா கொடுத்த சிறுநீரகம் கெட்டுப்போய் இப்போது டயாலிசிஸில் கிடக்கிறான். அதிலிருந்து ஒவ்வொரு பிள்ளையையும் முதல் தடவை சிஸ்டரே கூட்டிக்கொண்டு போய் ஒப்படைக்கிறார். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் அவரைக் கேட்கவில்லை.

இந்த முறை ஒரு பெண். ஒன்பது வயதில் அப்பாவின் சிறுநீரகத்தைப் பொருத்திக்கொண்டவள். கெட்டிக்காரி. மாத்திரைப் பெயரெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. "அந்த அக்காவைப் பாரு, ஒரு வேளை விட்டதில்ல" என்று மற்ற பிள்ளைகளுக்குச் சிஸ்டர் காட்டுவது இவளைத்தான்.

சாலையைக் கடக்கும்போது சிஸ்டர் அவள் அம்மாவிடம் படித்துப் படித்துச் சொன்னார்.

"உள்ள போனதும் நீங்க வாயைத் திறக்கக் கூடாதும்மா. அவளே பேசட்டும்."

"எதுக்கு வம்பு சிஸ்டர்? நான் வெளியவே உக்காந்துக்கறேன்."

புது டாக்டர் இளவயசுக்காரர். சிரிக்கவும் இல்லை, சிடுசிடுக்கவும் இல்லை. கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே பெண்ணிடம் கேட்டார்.

"மாத்திரை எப்பவாவது விட்டுப்போகுதா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"ஒரு வேளைகூட விட்டதில்ல டாக்டர். நான் கேரண்டி" என்றார் சிஸ்டர்.

டாக்டர் அப்போதுதான் நிமிர்ந்தார். "நீங்க அம்மாவா?"

இத்தனை அம்மாக்களின் வாயைக் கட்டிப்போட்ட மகராசிக்கு அசடு வழிந்தது. பெண் அவர் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாள்.

"சிஸ்டர், நீங்க கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?"

வெளியே பெஞ்சில் அம்மா நகர்ந்து இடம் கொடுத்தாள். "உங்களையும் அனுப்பிட்டாளா?" என்று கேட்டவள், சிரிப்பை அடக்கப் பெரிதாகப் பாடுபடவில்லை.

பெண் வெளியே வர நேரமாயிற்று. மருந்துச் சீட்டை அம்மாவிடம் கொடுத்து வரிசையில் நிற்க அனுப்பிவிட்டு, சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"காலை மாத்திரையைப் பாதி நாள் விட்டுட்டேன் சிஸ்டர். போட்டா கை நடுங்குது, காலேஜ்ல எழுத முடியல. ரத்த டெஸ்ட்டுக்கு முன்னாடி மட்டும் ஒழுங்கா போட்டுக்குவேன். அவர்கிட்ட சொல்லிட்டேன். வேற மருந்து மாத்திப் பாக்கலாம்னாரு."

சிஸ்டருக்கு முதலில் வந்தது கோபம். அதைத் தள்ளிக்கொண்டு பயம் வந்தது.

"கிட்னி?"

"கொஞ்சம் அடி வாங்கியிருக்காம். காப்பாத்திடலாமாம்."

"ஏண்டி, இத்தனை நாள் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"எல்லார்கிட்டயும் என்னைப் பெருமையா சொல்லிட்டே இருந்தீங்க. உங்ககிட்ட பொய் சொல்லிப் பழகிட்டேன் சிஸ்டர். அவர்கிட்ட இன்னும் பழகல."

அடுத்த வாரம் டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுக்க வர வேண்டும், தனியாகவே வந்துகொள்வேன் என்று சொல்லிவிட்டு அவள் மருந்து வரிசைப் பக்கம் போனாள். நிச்சயம் வருவாள் என்று சிஸ்டருக்குத் தோன்றியது. அதில் தன் பங்கு ஒன்றும் இல்லை என்பதுதான் வலித்தது.