உள்ளேயே ஆறிய கல்

காலையில் எழுந்ததும் என் முதல் வேலை, வாசலில் விழுந்து கிடக்கும் மலைச் சாம்பலைக் கூட்டுவது. ஜப்பானில் ககோஷிமா என்ற இந்த ஊருக்கு எதிரே, கடலுக்குள் சகுராஜிமா என்ற எரிமலை எப்போதும் புகைகிறது. சாம்பலை அள்ள முனிசிபாலிட்டியே பை கொடுக்கும். வந்த புதிதில், சாம்பலைப் பார்த்ததும் என் கை தானாக ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் பூசிவிட்டது. பக்கத்து வீட்டு சாதோ அம்மாள் பதறிப்போய் ஈரத்துணியால் துடைத்துவிட்டார். நான் வானத்தைக் காட்டிக் கும்பிட்டேன். மேலேயிருந்து விழுகிறது என்று முறையிடுவதாக நினைத்து, ஒரு குடையும் கொண்டுவந்து தந்தார்.

மதுரைப் பக்கம் கொட்டாம்பட்டியில் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுக் குவாரிக்குப் போனவன் நான். இன்று இந்த ஊர்க் கல்லறைகளில் நிற்கும் மதுரைக் கிரானைட்டில் பாதி என் கையில் மெருகேறியது. என்னை யாரும் தூக்கிவிடவில்லை. தட்டினால் எழும் சத்தத்திலேயே உள்விரிசலைச் சொல்லிவிடுவேன். ஆனால் கல் பிறந்த கதையை, நான் வேலை செய்யும் பட்டறையின் முதலாளி மோரிதான் படம் போட்டுக் காட்டினார். கடலடித் தரை நிலத்துக்குக் கீழே நுழைகிறது. கூடவே போகும் ஈரம் பட்டு, ஆழத்தில் கொதித்துக் கிடக்கும் பாறை உருகிக் குழம்பாகி மேலே ஏறுகிறது. சில மலைகளில் அது அமைதியாக வழிகிறது, சிலவற்றில் வெடிக்கிறது. ஏன் என்பது மட்டும் எனக்குப் பிடிபடவில்லை.

அதை அடுப்படியில் தீர்த்துவைத்தவள் என் மனைவி பாண்டியம்மாள். அன்று என் சந்தேகத்தை அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, கேப்பைக் களி தெறித்து என் கையைச் சுட்டது.

"இம்புட்டுத்தானா? ரசம் தண்ணி, ஆவி சுளுவா வெளிய போயிரும். பொங்கி வழியும், அம்புட்டுத்தான். களி கெட்டி. ஆவிய அமுக்கி வச்சு, முடியாதப்ப வெடிக்குது."

"மேல வராம, உள்ளயே மெல்ல ஆறிப்போறதும் இருக்காம். அதுதான் நம்மூர்க் கல்லாம்."

"அது நீங்கதான்," என்று சிரித்தாள்.

போன மாதம் பாண்டியம்மாள் போய்விட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. பட்டறைக்குப் போனேன், சாப்பிட்டேன், சாம்பல் கூட்டினேன். ஊரிலிருந்து அவள் தம்பி போன் போட்டான்.

"மச்சான், எங்கக்காவ அந்நிய மண்ணுல விட்றாதீக. கொண்டாங்க, வைகையில கரைப்போம்."

"வாரேன் மாப்ள."

கூடவே இருக்கும் மகள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அம்மா இங்கனயே இருக்கட்டும்ப்பா. நான் போய் நிக்க ஒரு எடம் வேணும்ல?"

அவளிடமும் சரி என்றேன். இரண்டு பேருக்கும் சொன்ன சொல்லில் எனக்குச் சூடும் இல்லை, குளிரும் இல்லை. அஸ்தியை இரண்டாகப் பிரித்தது இந்தக் கைதான்.

ஒரு பாதியை இந்த ஊர்க் கல்லறையில் வைத்து, அதன் மேல் கொட்டாம்பட்டிக் கல்லை நிறுத்தினேன். மெருகும் நானே போட்டேன். இந்த ஊர் வழக்கப்படி அவள் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரையும் வெட்டிச் சிவப்புப் பூசினேன். உயிரோடு இருக்கும் துணையின் பெயர் சிவப்பில் இருக்கும். அவரும் போனபின் சிவப்பைச் சுரண்டிவிடுவார்கள். எத்தனையோ பேருக்குப் பூசியிருக்கிறேன், எத்தனையோ பேருக்குச் சுரண்டியிருக்கிறேன்.

இன்று மலை அதிகமாகக் கக்கியது. கல்லறைக்குப் போய்ப் பார்த்தால், கல் முழுக்கச் சாம்பல். பழக்கத்தில் ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் வைத்தேன். கூட வந்த சாதோ அம்மாள் ஈரத்துணியால் கல்லைத் துடைத்தார். என் நெற்றியைப் பார்த்தார். அதைத் துடைக்கவில்லை. மீதிப் பாதி, வாய்கட்டிய சொம்பில், வைகைக்காக வீட்டில் காத்திருக்கிறது. இங்கே, எங்கள் ஊர்க் கல்லில், ஈரம் காயாமல் சிவப்பாக என் பெயர்.