உம்மாவின் கட்டிலுக்குப் போட்ட விலை

ஒரே கட்டிலை நான் இரண்டு தடவை விலை கொடுத்து வாங்கியிருக்கிறேன். முதல் தடவை கல்முனைக் கடையொன்றில், சிரித்த முகத்தோடு. இரண்டாம் தடவை என் சொந்த வீட்டு ஹோலில், கூடப் பிறந்த மூத்தவர், என் காக்காவிடம்.

எங்கள் பக்கத்தில் வீடு பொம்பிளைப் பிள்ளைக்குத்தான். கல்யாணத்தோடு வீட்டை என் பெயருக்கு எழுதித் தந்துவிட்டு உம்மாவும் வாப்பாவும் பின்னறைக்கு ஒதுங்கிக்கொண்டார்கள். காக்கா கல்யாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போனார். உம்மாவுக்கென்று மிஞ்சியது சம்மாந்துறைப் பக்கம் இரண்டு ஏக்கர் வயல். அதைக் காக்காதான் செய்தார். ஒவ்வொரு வெள்ளாமை முடிவிலும் உம்மாவுக்குக் குத்தகை தருவதாகப் பேச்சு. வாப்பா மௌத்தானபின் அந்தப் பேச்சும் அவரோடு போய்விட்டது. ஒரு மூடை நெல்கூட வாசலுக்கு வரவில்லை.

உம்மாவுக்கு ரோசம் அதிகம். மருமகன் உழைப்பில் உட்கார்ந்து தின்கிறேனே என்ற நினைப்பு அரித்துக்கொண்டே இருந்தது. பாரிசவாதம் வந்து விழுந்தபோது, கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் உயரும் ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்று வாங்கினேன். அபாயா தைத்துச் சேர்த்த காசு. கட்டிலைக் கண்டதும் உம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். உங்கள் காசில் எனக்குக் கட்டில் வேண்டாம், பாயே போதும் என்றார். இரண்டு நாள் மன்றாடினேன். மூன்றாம் நாள் பொய் சொன்னேன்.

“இது உங்கட காசுதான் உம்மா. காக்கா குத்தகை தந்தாரு.”

உடனே தூக்கி வைக்கச் சொல்லிக் கையை நீட்டினார். அதற்குப் பிறகு மருந்து வைக்க வாங்கிய பிரிஜ், ஃபேன் எல்லாமே குத்தகைக் காசுதான். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மகன் தந்தது என்று சொல்லிச் சொல்லிக் காட்டுவார். ஐந்து வேளையும் காக்காவுக்குத் துஆ. மூத்திரத் துணி அலசிவிட்டு வந்து நானும் பக்கத்தில் நின்று ஆமீன் சொன்னேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்த காக்காவிடமே உம்மா கட்டிலைத் தட்டிக் காட்டி, அவர் தந்த காசுதான் என்றார். அவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். பேசாமல் இருங்கள் என்று கண்ணைக் காட்டினேன். நானேதான் காட்டினேன். வெட்கப்பட்டாவது அடுத்த வெள்ளாமைக்குத் தருவார் என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

உம்மா மௌத்தாகி நாற்பது கழிந்த மறுநாள், காக்கா ஒரு மௌலவியையும் பழைய சாமான் கடைக்காரர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். உம்மா விட்டுப்போனதைப் பங்கு வைக்காமல் வைத்திருந்தால் பாவமாம். வயலை அதன் உறுதிப் பத்திரம் கைக்கு வந்தபின் பார்க்கலாம், முதலில் சாமான்கள் என்றார். ஆணுக்கு இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒன்று. மார்க்கம் சொன்ன பங்கில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பங்கு கேட்டு வந்த ஆளில்தான் குறை.

கடைக்காரர் பிரிஜைத் திறந்து றப்பரை அழுத்திப் பார்த்தார். ஃபேனைப் போட்டுச் சத்தம் கேட்டார். கட்டிலின் கைப்பிடியைச் சுற்றிவிட்டு, மெத்தையில் கறை இருக்கிறது, அதற்கு விலை இல்லை என்றார். அந்தக் கறையைக் கழுவிக் கழுவி என் நகக்கண் வெளுத்துப்போனது அவருக்கு எங்கே தெரியப்போகிறது? மௌலவி ஒவ்வொன்றாகக் கொப்பியில் எழுதினார்.

இதெல்லாம் நான் வாங்கியது என்றேன். மௌலவி பில் இருக்கிறதா என்று கேட்டார். உம்மாவின் கண்ணில் பட்டுவிடக்கூடாதென்று பில்லையெல்லாம் அன்றன்றைக்கே அடுப்பில் போட்டவள் நான்.

காக்கா நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்.

“எங்கட உம்மா பொய் சொல்ற ஆள் இல்ல மௌலவி. அவட காசில வாங்கின சாமான் எண்டு ஊருக்கே தெரியும்.”

உண்மைதான், உம்மா பொய் சொல்லவில்லை. சொன்னது நான். உள்ளதை உடைத்துச் சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் மகன் தந்தது என்று பெருமையோடு கண்ணை மூடிய மனுஷியை, மகன் ஏமாற்றிவிட்டான் பாவம் என்று ஊர் கதைக்க நான் வழிவிடலாமா? சொல்லை விழுங்கினேன். ஆத்திரத்தை விழுங்க முடியவில்லை.

“சரி மௌலவி, எழுதுங்க. அப்பிடியே காக்கா வருஷா வருஷம் குத்தகை தந்தாரெண்டும் எழுதி, அவர்ட கையெழுத்த வாங்குங்க.”

மௌலவிக்கு அதில் ஒரு சிக்கலும் தெரியவில்லை. எழுதிவிட்டுக் கொப்பியைக் காக்காவிடம் நீட்டினார். நான் தரவில்லை என்று காக்கா ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், கட்டிலையும் பிரிஜையும் அவர் வீட்டுக்கே ஏற்றி அனுப்பியிருப்பேன். அல்லாஹ் மேல் ஆணை, அனுப்பியிருப்பேன்.

காக்கா சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்தார். பிஸ்மி சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

சாமான்களை நானே வைத்துக்கொண்டேன். அடுத்த கிழமை, கடைக்காரர் போட்ட விலையில் அவருடைய பங்குக் காசைக் கொண்டுவந்து கையில் கொடுத்து, எண்ணிப் பாருங்கள் என்றேன். எண்ணாமலே பைக்குள் வைத்துக்கொண்டார்.

“உன்ன நம்பாமலா, தங்கச்சி?” என்றார்.