அறாத ஆரஞ்சுத் தோல்

1997
பிப்ரவரி 11: 3 மி.மீ., வலது.
பிப்ரவரி 14: 4 மி.மீ., வலது.
பிப்ரவரி 20: 3 மி.மீ., வலது.
பிப்ரவரி 27: 3 மி.மீ., வலது.
மார்ச் 5: 4 மி.மீ., வலது.
மார்ச் 12: 3 மி.மீ., வலது.
மார்ச் 19: 3 மி.மீ., வலது.
ஏப்ரல் 2: 4 மி.மீ., வலது.
ஏப்ரல் 9: 3 மி.மீ., வலது.
ஏப்ரல் 16: 3 மி.மீ., வலது.
ஏப்ரல் 24: 4 மி.மீ., வலது.

தேவாலய வாசலிலிருந்து மளிகைக் கடை வரை நூற்று அறுபத்திரண்டு தப்படி. அந்தத் தூரம் முழுவதும் மோட்டார்சைக்கிள் பட்டறைக்காரி வேவா ஹேண்டில்பாரைத் தொடுவதில்லை. எஞ்சினைச் சற்றே ஏற்றிவைத்து, இரண்டாம் கியரில் வண்டியை அதன் போக்கில் விட்டுவிட்டு, மேலங்கிப் பையிலிருந்து ஒரு ஆரஞ்சையும் ஒரு சின்னக் கத்தியையும் எடுப்பாள். காம்புப் பக்கம் தொடங்கும் தோல் சுருள் சுருளாக இறங்கி அவள் முழங்காலைத் தொடும். கடை வாசலில் சீமை வாழைக்காய் பொரிக்கும் பெண் கரண்டியைத் தூக்கியபடி நிற்பாள். டாமினோ ஆடுகிறவர்கள் கட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பார்கள். தோல் அறாமல் கடைவரை வந்தால், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் நேராக இருக்கிறது. நடுவில் அறுந்தால் வண்டி கோணிற்று, அதைத் தாங்க உடம்பு கோணிற்று, கத்தி துள்ளிற்று என்று பொருள். வண்டி பட்டறைக்குத் திரும்பிவிடும்.

அறாத தோலை வண்டியின் ஹேண்டில்பாரிலேயே சுற்றி, ஓட்டியின் கையில் சாவியைக் கொடுப்பாள்.

"போடா. இனிமே நீ தூங்கிட்டே போனாலும் இவங்க உன்னை வீட்டுல கொண்டு போய்ச் சேத்துருவாங்க."

"இவங்க" என்பது வண்டி. லாஸ் ஹோபோஸ் ஊர் முழுக்க அறிந்த விஷயம் இது: வேவா என்கிற ஹெனோவேவா பேகேரோ வண்டிகளுக்குத்தான் மரியாதை கொடுப்பாள், ஓட்டிகளுக்கு வாடா போடாதான். மாட்டு வண்டியில் மோதி முகம் திரும்பிய ஒரு மோட்டார்சைக்கிள் வந்து நின்றால், முதலில் அதன் விளக்கைத் துடைப்பாள். "வாங்க. கொஞ்சம் பொறுத்துக்கங்க. இந்த மடையன் உங்களை எங்க கொண்டுபோய் முட்டினான்?" என்பாள். மடையன் பக்கத்திலேயே கட்டுப்போட்ட முழங்கையோடு நின்றுகொண்டிருப்பான்.

வயது ஐம்பத்து நான்கு. எடை அறுபத்திரண்டு கிலோ. அவ்வளவையும் இரும்புக் குழாயில் தொங்கவிட்டுத்தான் ஃபோர்க்கில் பெண்டு எடுப்பாள். பழைய அலமாரிக் கதவின் கண்ணாடி ஒன்று மேசைமேல் கிடக்கிறது. ஃபோர்க் குழாயை அதன்மேல் உருட்டி, அடியில் சிகரெட் தாளை நுழைத்துப் பார்ப்பாள். தாள் எங்கே நுழைகிறதோ அங்கே வளைவு. வளைவு நிமிர்ந்த பின் முறுக்கை எடுப்பாள். ஆக்சிலையும் ஃபோர்க்கைக் கவ்வியிருக்கும் கீழ்த்தட்டின் போல்ட்டுகளையும் தளர்த்தி, முன்சக்கரத்தை முழங்கால்களுக்கிடையே இறுக்கி, ஹேண்டில்பாரைப் பிடித்து ஒரே உதறு. "வளைவுக்குக் கண்ணாடி, முறுக்குக்குத் தெரு" என்பது அவள் சொல். முறுக்கு எடுபட்டதா என்பதை எந்த அளவுகோலும் சொல்லாது, அந்த நூற்று அறுபத்திரண்டு தப்படிதான் சொல்லும் என்று இருபத்திரண்டு வருடமாக நம்பியிருந்தாள். தெருவில் வண்டி எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாகச் சக்கரத்தைக் கொஞ்சம் திருப்புவாள். மறுபடி ஒரு ஆரஞ்சு.

அந்தக் கடைசித் திருத்தம் எந்தப் பக்கம், எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதி வைப்பவர் எதிர் வீட்டு அபெலார்டோ; மரியாதைக்கு எல்லாரும் 'டொன்' என்பார்கள். கரும்பு ஆலையில் முப்பத்தொரு வருடம் எடைமேடையில் இருந்தவர். ஆலை மூடிய பிறகு எடைபோட எதுவும் இல்லாமல் போகவே, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பட்டறை வாசலுக்கு வந்துவிட்டார். மேலே இருக்கும் பட்டியல் அவர் நோட்டில் உள்ளது.

"இதை எழுதி யாருக்கு டொன் அனுப்பப் போறீங்க?"

"யாருக்கும் இல்லம்மா. எழுதலைன்னா எனக்குச் சோறு செரிக்காது."

பிப்ரவரி எட்டாம் தேதி தெருவுக்குப் புதுத் தார் போட்டு முடித்தார்கள். கறுப்பாக, பளபளவென்று, ஒரு குழி இல்லை. "இப்பத்தான் இது தெரு. இனி என் வேலை சுத்தமா இருக்கும்" என்று வேவா ஊரெல்லாம் சொன்னாள். மார்ச் மாதத்திலிருந்து ஒருவன் பின் ஒருவனாக ஓட்டிகள் வந்து வலது தோளைத் தடவத் தொடங்கினார்கள். நெடுஞ்சாலையில் ஏறினால் வண்டி வலது பக்கம் இழுக்கிறதாம்.

"வண்டி சரியாத்தான் இருக்காங்க. உன் தோள்தான் கோணல். மூணு பேரை ஏத்திட்டுப் போனா தோள் வலிக்காம என்ன செய்யும்? எண்ணெய் தேய்ச்சிக்கோ."

கிக்கோ மட்டும் விடவில்லை. வாடகைக்கு ஆள் ஏற்றும் ஓட்டிகளிலேயே வாய் நீளமானவன் அவன். மே மூன்றாம் தேதி, சிலுவைத் திருநாளன்று, கூட்டம் கூடியிருந்த நேரமாகப் பார்த்து வந்தான்.

"அக்கா, மூணு டப்பா எண்ணெய் காலி. தோள் கோணல்னா ஏன் சைக்கிள்ல போனா வலிக்கல?"

"இறங்குடா. எல்லார் முன்னாடியும் காட்டுறேன். தோல் அறாம வந்துட்டா நீ ஒரு மாசம் என் பட்டறைய கூட்டணும்."

"அறுந்துட்டா?"

"அறுந்தா நான் உன் வண்டிக்குப் பின்னால உக்காந்து, என் தோள் கோணல்னு கத்திக்கிட்டே ஊர் சுத்தி வர்றேன்."

தேவாலய வாசலில் பூ சுற்றிய சிலுவையும் நெட்டை மேளங்களும் வழியை அடைத்திருந்தன. அங்கிருந்து புறப்பட இடமில்லை. அதனால் வேவா, வாழ்க்கையில் முதல்முறையாக, மளிகைக் கடையிலிருந்து தேவாலயத்தைப் பார்த்து வண்டியை விட்டாள். கைகளை எடுத்தாள். ஆரஞ்சை எடுத்தாள்.

முப்பத்தெட்டுத் தப்படி. அவ்வளவுதான். வண்டி கயிறு கட்டி இழுத்த மாதிரி வலது பக்கம் சாய்ந்து ஓடிச் சாக்கடைக்குள் முன்சக்கரத்தை இறக்கியது. மேளம் நின்றது. தோல் இரண்டாக அறுந்து தொங்கியது. பழம் கையிலிருந்து எகிறி நடுத்தெருவில் விழுந்தது.

"தோள்! தோள்!" என்று கிக்கோ குதித்தான். கடையே சிரித்தது. வேவா சாக்கடையில் நின்றபடி பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுத்தெருவில் விழுந்த பழம் அங்கேயே நிற்கவில்லை. மெல்ல, யாரோ கூப்பிட்டதுபோல், தெருவைக் குறுக்கே கடந்து அவள் காலடிக்கே உருண்டு வந்தது.

பையிலிருந்து இன்னொன்றை எடுத்து நடுத்தெருவில் வைத்தாள். அதுவும் வந்தது. தேவாலயத்துப் பக்கம் ஓடிப்போய் ஒன்று வைத்தாள். கடைப் பக்கம் ஒன்று. எல்லாம் அதே சாக்கடைக்கே உருண்டன.

"டொன்! நோட்டு! நோட்டை எடுங்க!"

அபெலார்டோ மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். ஜனவரி: இடது, வலது, இடது, இடது, வலது. பிப்ரவரி எட்டுக்குப் பிறகு: வலது, வலது, வலது. கடைசிவரை வலது.

"தார் போட்டவன் தெருவை ஒரு பக்கமா சாய்ச்சுட்டான்" என்றாள் வேவா. முகம் வெளுத்திருந்தது, ஆனால் கண் பளபளத்தது. "தேவாலயத்துல இருந்து வந்தா இடது பக்கம் பள்ளம். நல்ல வண்டியும் இடது பக்கம்தான் ஒதுங்கும். நான் அவங்களையெல்லாம் வலது பக்கம் திருப்பி விட்டிருக்கேன். கோணத் தெருவுக்கு நேரான வண்டியக் கோணலாக்கி அனுப்பிருக்கேன்! எத்தனை டொன்?"

"பதினொண்ணு."

"இந்த ஊர்ல மட்டமான தரை எங்க இருக்கு? சொல்லுங்க, சீக்கிரம்!"

அபெலார்டோ நாற்காலியிலிருந்து எழுந்தார். அவர் அப்படிச் சட்டென்று எழுந்ததை யாரும் பார்த்ததில்லை. "என் எடைமேடை. முன்னாடியும் பின்னாடியும் இருபத்தஞ்சு இருபத்தஞ்சு மீட்டர் சிமெண்டுத் தரை. முப்பத்தொரு வருஷம் திங்கக்கிழமைக்குத் திங்கக்கிழமை நீர்மட்டம் வெச்சுப் பாத்தவன் நான். ஆரஞ்சு என்ன, பாதரசம் ஊத்தினாக்கூட நகராது."

அன்று மதியமும் மறுநாளும் மூடிக் கிடந்த ஆலையின் முற்றம் திருவிழாவாகிவிட்டது. காவல்காரர் பூட்டைத் திறந்துவிட்டு, தானும் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டார். வேவா விசில் ஊதி ஊதி வண்டிகளை வரவழைத்தாள். போல்ட்டைத் தளர்த்து, உதறு, இறுக்கு, ஆரஞ்சு. ஓட்டிகள் சுற்றி நின்று தோல் இறங்க இறங்கக் கை தட்டினார்கள்.

"எண்ணெய்க் காசை யாரு தருவா அக்கா?"

"என் தோளைத் தர்றேன், கடிச்சுக்கோ. நகருடா!"

ஒவ்வொரு வண்டியிடமும் மன்னிப்புக் கேட்டாள். ஓட்டிகளிடம் கேட்டதாக யாருக்கும் நினைவில்லை. ஆனால் கிக்கோவின் பின்னால் உட்கார்ந்து, சொன்னபடியே கத்திக்கொண்டு ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள். பின்னால் மேளமும் வந்தது. மே நான்காம் தேதி மாலை ஐந்தரை மணிக்கு அபெலார்டோ பத்து வரிகளுக்கு எதிரே குறி போட்டிருந்தார்.

பதினோராவது ஃபாவியோவுடையது. அவன் ஏப்ரல் இருபத்தாறாம் தேதியே வண்டியைப் பேருந்தின் கூரையில் கட்டிக்கொண்டு, மனைவி லூஸோடு கொன்ஸ்தான்சாவுக்குப் போய்விட்டான். மலைமேல் பூண்டு வயலில் வேலை. பின்னால் லூஸ், இரண்டு பக்கமும் பூண்டு மூட்டை, ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் மேகமுமாக இறங்குகிற வளைவுகள். அந்தச் சரிவில் வலது பக்கம் இழுக்கிற வண்டி.

அங்கே அவனுக்குத் தொலைபேசி கிடையாது. இரண்டு பேருந்து மாறிக் கடிதம் கொடுத்தனுப்ப வேண்டும். மே ஐந்தாம் தேதி வேவா சொல்லச் சொல்ல அபெலார்டோ எழுதினார்.

"எழுதுங்க. டேய் ஃபாவியோ, வண்டிய உடனே நிறுத்து. தப்பு உன்னுது இல்ல, என்னுது. கீழ்த்தட்டு போல்ட்டு ரெண்டையும், ஆக்சிலையும் தளர்த்து. வீலை முட்டிக்கு நடுவுல இறுக்கிப் பிடி. இடது பக்கமா மெதுவா..."

"எத்தனை மில்லிமீட்டர்?"

"நாலு. நீங்கதானே எழுதி வெச்சிருக்கீங்க! அப்புறம் முக்கியமா எழுதுங்க: எந்த ரோட்டையும் நம்பாதே. முதல்ல ஒரு ஆரஞ்சக் கீழ வை. அது உருளாத இடத்துல ஓட்டிப் பாரு. லூஸை இறக்கி விட்டுட்டு."

பதில் வரவில்லை. பதினான்காம் தேதி மறுபடி எழுதினார்கள். பதில் வரவில்லை. அந்த மேட்டில் ஆரஞ்சு விளையாதே என்று யாரோ சொல்ல, இருபத்துமூன்றாம் தேதி கடிதத்தோடு ஆறு பழங்களையும் ஒரு பையில் கட்டிப் பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்தாள். "தின்னே, பல்லைக் கழட்டிருவேன்" என்று சொல்லியும் அனுப்பினாள்.

அந்த நாட்களில் புதிதாக வந்த வண்டிகளைச் செப்பனிட்டாள். ஆனால் எடைமேடையில் கிக்கோவைத்தான் ஓட்டவிட்டுப் பார்த்தாள். அவன் கத்தியால் கட்டைவிரலை இரண்டு முறை அறுத்துக்கொண்டான். ஆரஞ்சு தின்னும்போதும் வேவா தோலை உரிக்கவில்லை. நடுவில் குறுக்கே ஒரே வெட்டு, இரண்டு பாதி. மாலைப் பேருந்து வரும் நேரத்தில் மட்டும் விளக்கில்லாமல் வரும் வண்டியை இருட்டில் தேடுவதுபோல் சாலையைப் பார்த்தபடி நிற்பாள்.

ஒரு சனிக்கிழமை ஓட்டுநர் பேருந்தை நிறுத்தி, இறங்காமலே ஜன்னல் வழியாக ஒரு தடித்த உறையை நீட்டினார். அவசரமாகக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டார். ஏன் என்பது கடிதத்தில் இருந்தது. அபெலார்டோ உரக்கப் படித்தார். கடையிலிருந்த எல்லாரும் பட்டறைக்கு வந்துவிட்டார்கள்.

"அக்காவுக்கு, முதல் கடுதாசி வரல. ரெண்டாவது மழைல நனைஞ்சு உங்க பேர் மட்டும்தான் தெரிஞ்சுது. மூணாவது வந்துச்சு. தோள் வலியக் குளிராலன்னு நெனச்சிட்டிருந்தேன். ஒரு வளைவுல வேலியில உரசிட்டேன். உங்ககிட்ட சொல்லாதேன்னு லூஸ் சொன்னா, சொல்லிட்டேன். ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்ல. நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன். பள்ளிக்கூட மைதானத்துல பழம் உருளல. ஆறு பழத்துல ரெண்ட டிரைவர் தின்னுட்டாரு. மூணு தோல் அறுந்துச்சு, ஒவ்வொரு தடவையும் மறுபடி தளர்த்திச் சரி பண்ணேன். ஆறாவத உள்ள வெச்சிருக்கேன்."

உறையைக் கவிழ்த்தார். பழுப்பேறிக் காய்ந்த சுருள் ஒன்று கண்ணாடி மேசைமேல் விழுந்தது. வேவா அதை இரண்டு விரலால் மெல்ல நீட்டி, காம்புப் பக்கத்திலிருந்து நுனிவரை தடவிக்கொண்டே போனாள். நுனியில் விரல் நின்றது.

பிறகு, ஒருநாளும் தொட்டறியாத அந்த நோட்டை அபெலார்டோவின் மடியிலிருந்து எடுத்தாள். அவர் காதிலிருந்த பேனாவையும் எடுத்து, பதினோராவது வரிக்கு எதிரே, கிரீஸ் விரலால் தாளில் கறை பட, தன் கோணல் எழுத்தில் அன்றைய தேதியை எழுதினாள்:

ஜூன் 7.