எண்ணெய் தேய்த்த ஆஸ்பத்திரி

ஒச்சம்மாளின் வலது கால் முறிந்த அன்று, செம்பவயல் தர்ம ஆஸ்பத்திரி திறந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. அந்தப் பதினொரு நாளில் ஆயிரம் பேராவது உள்ளே வந்து போயிருப்பார்கள். நோயாளி என்று ஒருவர்கூட வரவில்லை. எல்லோரும் கட்டடம் பார்க்க வந்தவர்கள்.

பார்க்க வேண்டிய கட்டடம்தான். பள்ளத்தூருக்குக் கிழக்கே, பொட்டல் காட்டின் நடுவில், 1927ஆம் வருஷம் மெய்யநாதன் செட்டியார் அதைக் கட்டி முடித்தார். ரங்கூனில் தொழில் செய்த அவருக்கு ஒரே விதமாகத்தான் கட்டத் தெரியும். தமக்கு வீடு கட்டியதுபோலவே ஏழைகளுக்கு ஆஸ்பத்திரியும் கட்டினார். பர்மாத் தேக்கில் தூண்கள். முட்டை வெள்ளைக்கரு கலந்த சாந்து பூசி, முகம் பார்க்கும்படி இழைத்த சுவர்கள். தரை முழுக்கப் பூவும் கொடியும் போட்ட ஆத்தங்குடிக் கல். அந்தக் கல்லுக்குத் தினமும் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்க்க வேண்டும் என்பது செட்டியாரின் உத்தரவு.

“நோயாளியும் மனுசந்தானே? அவன் கண்ணுக்கும் பளிச்சுன்னு இருக்க வேணாமா?” என்று கேட்பார்.

ஒச்சம்மாள் அந்தக் கட்டட வேலையில் இரண்டு வருஷம் சித்தாளாக இருந்தவள். அப்போது அவளுக்கு முப்பது வயதிருக்கும். சாந்துச் சட்டி சுமந்து சுமந்து உச்சந்தலையில் முடி கொட்டியிருந்தது. வேலை முடிந்ததும் கூலியாட்களை அனுப்பிவிட்டார்கள். தரை போட்ட பிறகு அந்தக் கூடத்தை அவள் பார்க்கவே இல்லை. எனவே ஒரு வெள்ளிக்கிழமை, தலைக்குக் குளித்து, புருஷன் பெத்தனையும் இழுத்துக்கொண்டு வந்தாள்.

“அந்தா தெரியுதுல்ல மேக்குச் சொவரு, அது பூராம் நான் சொமந்த சாந்து” என்று கையை நீட்டியபடி நாலு எட்டு வைத்தாள். பதினொரு நாள் எண்ணெய் குடித்து ஊறியிருந்த தரையில் ஐந்தாவது எட்டு நிற்கவில்லை.

டாக்டர் சத்தியமூர்த்தி சென்னையில் படித்துவிட்டு வந்த இளைஞர். பதினொரு நாளாக நாற்காலியில் உட்கார்ந்து நெஞ்சில் வைத்துப் பார்க்கும் தம் குழாயைத் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கி வைத்திருந்தார். கூடத்தில் “ஐயோ!” என்று சத்தம் கேட்டதும் எழுந்து ஓடி வந்தார். ஓடியது அறை வாசல் வரைக்கும்தான். அங்கிருந்து ஒச்சம்மாள் கிடந்த இடத்துக்கு அவர் உட்கார்ந்தபடியே வந்து சேர்ந்தார்.

“எங்கம்மா வலிக்குது?” என்று கேட்டபோது அவர் குரல் சந்தோஷத்தில் நடுங்கியது. முதல் நோயாளி!

செய்தி கேட்டுச் செட்டியார் வண்டி பூட்டிக்கொண்டு வந்தார். குனிந்து, கால் அடிபட்ட இடத்துக் கல்லைத் தடவிப் பார்த்தார். கல்லில் கீறல் இல்லை. அதன் பிறகு ஒச்சம்மாளிடம், “ஒண்ணும் பயப்படாத ஆத்தா. ராசாத்தி மாதிரி பாத்துக்கிருவோம்” என்றார்.

சொன்னபடியே பார்த்துக்கொண்டார்கள். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. டாக்டர் காலை நேராக இழுத்து வைத்து மாவுக்கட்டுப் போட்டார். தினம் மூன்று வேளை சாப்பாடு செட்டியார் வீட்டிலிருந்து வந்தது. செட்டியாரின் மனைவி நீலாயதாட்சி ஆச்சி தன் மேற்பார்வையில் சமைத்து அனுப்புவாள். வெள்ளிக்கிழமை கவுனி அரிசி இனிப்புகூட உண்டு. பிறந்ததிலிருந்து இன்னொருவர் பரிமாறி உட்கார்ந்து சாப்பிட்டறியாத ஒச்சம்மாளுக்கு முதல் வாரம் சோறே இறங்கவில்லை. சும்மா கிடக்கக் கூச்சப்பட்டு, ஆச்சி வீட்டுப் புளியைக் கேட்டு வாங்கி, படுத்தபடியே கொட்டை எடுத்துக் கொடுத்தாள்.

அவளைப் பார்க்க உறவினர் வந்தார்கள். அவர்களில் இருவர் விழுந்தார்கள். அந்த இருவரைப் பார்க்க வந்தவர்களில் மூவர் விழுந்தார்கள். ஒரே மாதத்தில் ஒன்பது கட்டில் நிரம்பிவிட்டது. ஊர் விஷயம் தெரிந்துகொண்டது. மூன்றாவது மாதத்தில், வெளியூர்க்காரர்கள் தவிர, வந்தவர்கள் எல்லோரும் வாசலிலேயே மண்டி போட்டு, தூக்குச்சட்டியை முன்னால் தள்ளிக்கொண்டு தவழ்ந்தே கட்டிலுக்குப் போனார்கள். பெத்தன் தவழ்வதில் தேர்ந்துவிட்டான்.

அந்தச் சமயத்தில் மதுரையிலிருந்து வெள்ளைக்காரச் சர்ஜன் ஒருவர் ஆஸ்பத்திரியைச் சோதிக்க வந்தார். ரப்பர் அடி வைத்த பூட்ஸ் போட்டிருந்ததால் அவர் விழவில்லை. கட்டில் கட்டிலாகப் பார்த்தார். கால், கால், கை, இடுப்பு, கால். கட்டுகள் எல்லாம் சுத்தம். எலும்புகள் எல்லாம் நேராகக் கூடியிருந்தன.

“இவ்வளவு முறிவுகள் எங்கிருந்து உங்களைத் தேடி வருகின்றன?” என்று டாக்டரைக் கேட்டார்.

சத்தியமூர்த்தி வாயைத் திறந்தார். பக்கத்தில் செட்டியார் நின்றார். “சுற்று வட்டாரம்தான், சார்” என்று சொல்லி முடித்துக்கொண்டார்.

எலும்பு முறிவுச் சிகிச்சையில் ஜில்லாவிலேயே இதற்கு இணையான ஆஸ்பத்திரி இல்லை என்று சர்ஜன் எழுதிக் கொடுத்தார். செட்டியார் அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். அதை மாட்ட ஏணியில் ஏறிய ஆசாரி, ஏணியோடு வழுக்கி, பத்தாவது கட்டிலுக்கு வந்தார்.

ஒச்சம்மாளுக்குக் கால் கூடியது. கொஞ்சம் சாய்த்து நடந்தாள். இனிச் சட்டி தூக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், செட்டியார் மனமிரங்கி ஆஸ்பத்திரியிலேயே வேலை கொடுத்தார். தரைக்கு எண்ணெய் தேய்க்கும் வேலை.

வேறு பிழைப்பு இல்லை. தேய்த்தாள். கையில் எடுத்த வேலையை அரைகுறையாகச் செய்ய அவளுக்கு வராது. முன்னைவிடத் தரை இரண்டு மடங்கு மின்னியது. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் செட்டியாரிடமே போய் நின்றாள்.

“ஐயா, காலையில நாந்தேன் எண்ணெ போடுறேன். மத்தியானம் நாந்தேன் விழுந்தவுகளைத் தூக்குறேன். எனக்கு மனசு கேக்கலைய்யா. எண்ணெய நிப்பாட்டிருவமா?”

செட்டியார் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். “கூறுகெட்டவளா இருக்கியே. எண்ணெய நிப்பாட்டுனா ஆசுபத்திரிக்கு யாரு வருவா?”

ஒச்சம்மாள் திரும்பிப் போய் எண்ணெய்த் துணியைக் கையில் எடுத்தாள். உண்மையிலேயே வேறு யாரும் வருவதில்லையே.

மாசி மாதம் ஒரு முற்பகலில் கல்லல் பக்கத்திலிருந்து நாலு பேர் ஒரு கயிற்றுக் கட்டிலைச் சுமந்து வந்தார்கள். கட்டிலில் அழகி என்ற பெண். தலைப்பிரசவம். இரண்டு நாளாக வலி எடுத்தும் பிள்ளை வெளியே வரவில்லை. மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள். வாசல் வரை ஓட்டமும் நடையுமாக வந்தவர்கள் கூடத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள். பிரசவ அறை கூடத்தின் அந்தக் கோடியில் இருந்தது.

“இது அந்தக் கால் ஒடியிற ஆசுபத்திரியில்ல?” என்றான் ஒருவன். “தூக்கிக்கிட்டு உள்ள போனா நாலு பேரும் விழுவோம். பிள்ளத்தாச்சியக் கீழ போட்டுட்டா என்ன செய்ய? திரும்புங்கப்பா.”

டாக்டர் உள்ளிருந்து, “போகாதீங்க! நில்லுங்க!” என்று கத்தினார். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்ததால் அவரால் விரைவாக வர முடியவில்லை. கட்டில் திரும்பத் தொடங்கியது. அழகி முனகுவதையும் நிறுத்தியிருந்தாள்.

ஒச்சம்மாள் எண்ணெய்த் துணியை எறிந்தாள். “இருங்கண்ணே, ஒரு நிமிசம் நில்லுங்க! போயிராதீக!” கொல்லையில் கட்டட வேலைக்குக் கொட்டிய மணலில் பாதி மிஞ்சிக் கிடந்தது. சட்டி நிறைய அள்ளினாள். தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன சட்டியைத் தலையில் வைத்து, சாய்ந்து சாய்ந்து ஓடி வந்து, வாசலிலிருந்து கொட்டத் தொடங்கினாள். மறு சட்டி. இன்னொரு சட்டி. பூவும் கொடியுமாக மின்னிய தரையின் நடுவே ஒரு மணல் பாதை நீண்டது.

சோற்றுப் பாத்திரங்களோடு செட்டியாரும் ஆச்சியும் வண்டியை விட்டு இறங்கியது அந்த நேரத்தில்தான்.

“அடியே! என்னடி பண்ற என் தரைய!” செட்டியாரின் தலைப்பாகை அவிழ்ந்து தோளில் விழுந்தது.

ஒச்சம்மாள் நிற்கவில்லை. “பெறகு கூட்டிக் குடுத்துர்றேன்யா” என்று சொல்லிக்கொண்டே கொட்டினாள்.

நீலாயதாட்சி ஆச்சி கட்டிலில் கிடந்தவளின் முகத்தைப் பார்த்தாள். சோற்றுச் சட்டியைப் புருஷன் கையில் கொடுத்தாள். கொல்லைக்குப் போய், ஒரு பித்தளைத் தாம்பாளம் நிறைய மணலை ஏந்தி வந்து, ஒச்சம்மாள் விட்ட இடத்திலிருந்து கொட்டினாள்.

“இங்குட்டு வாங்கப்பா, பயப்படாம வாங்க” என்றாள்.

நாலு பேரும் மணலில் மிதித்து, ஒருவரும் விழாமல், கட்டிலைப் பிரசவ அறைக்குள் கொண்டு சேர்த்தார்கள். டாக்டர் ஆயுதம் போட்டுப் பிள்ளையை எடுத்தார். பெண் பிள்ளை. அழ நேரமாயிற்று. அது அழுதபோது, ஒச்சம்மாள் கூடத்து மணலில் உட்கார்ந்து தானும் அழுதாள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

செட்டியார் மூன்று நாள் வந்து வந்து, மணலை விரலால் விலக்கித் தம் கல்லைப் பார்த்துவிட்டுப் போனார். நாலாம் நாள் ஒரு முடிவுக்கு வந்தார். மணல் போட்டுத்தான் ஆக வேண்டுமென்றால், அது கண்ட மணலாக இருக்கக் கூடாது. தொண்டிக் கடற்கரையிலிருந்து வண்டி வண்டியாக வெள்ளை மணல் வரவழைத்து, சலித்து, கூடம் முழுவதும் பரப்பச் சொன்னார். அந்த மணலைப் பார்க்க ஒரு வாரம் கூட்டம் வந்தது.

கூட்டம் ஓய்ந்த பிறகு நோயாளிகள் வந்தார்கள். காய்ச்சல், பேதி, தேள்கடி, அரிவாள் வெட்டு, பிரசவம். அழகி பிழைத்த கதை கல்லல் சந்தை வரை போயிருந்தது. கட்டில் போதாமல் தாழ்வாரத்தில் பாய் போட்டார்கள். கால் முறிந்து மட்டும் ஒருவரும் வரவில்லை.

மறு வருஷம் அதே சர்ஜன் வந்தார். பார்த்துவிட்டு, எலும்பு முறிவுப் பிரிவு அடியோடு சீரழிந்துவிட்டதாகவும், டாக்டர் அதற்குக் காரணம் சொல்ல வேண்டும் என்றும் எழுதிப் போனார். சத்தியமூர்த்திக்கு இரண்டு நாள் தூக்கம் இல்லை. எழுதி எழுதிக் கிழித்தார்.

“என்னய்யா யோசிக்கிறீக?” என்று ஒச்சம்மாள் கேட்டாள். அவர் விஷயத்தைச் சொன்னதும் அவள், “இதுக்கா இம்புட்டு மொகம் வாடுறீக? போன வருசம் தரைக்கு எண்ணெ தேச்சோம், இந்த வருசம் தேய்க்கலைன்னு எழுதிப் போடுங்க. நடந்தது அதானே?”

அவர் அதையே இங்கிலீஷில் ஒரே வரியாக எழுதி அனுப்பினார். மதுரையிலிருந்து பதில் ஏதும் வரவில்லை.

ஒச்சம்மாள் மேலும் பத்து வருஷம் அங்கே ஆயாவாக இருந்தாள். கடைசி வருஷங்களில் வாசலிலேயே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள். வருகிறவர்களின் நடையைப் பார்த்தே, “இவுக காத்திருக்கலாம், அந்தா அந்தப் பிள்ளைய மொதல்ல உள்ள விடுங்க” என்பாள். டாக்டர் மறுத்துப் பேச மாட்டார்.